எட்டு வாய்த் தொட்டி

ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது புல்டோசர்.

செம்பட்டி தாண்டி, ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சண்முகவள்ளியின் காதில் அந்த உறுமல் விழுந்தது. வெள்ளிக்கிழமைதான் வண்டி வரும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இன்றைக்கு வியாழன். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பில் ஓட ஆரம்பித்தாள். காந்திகிராமத்துப் பயிற்சிப் பள்ளியில் செடி வளர்ப்புப் பாடம் நடத்துகிற டீச்சர், நாற்பதை நெருங்குகிற வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதைக் காட்டுவேலைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சிங்காரக்காடு என்றுதான் ஊரில் அதற்குப் பேர். உடைமுள்ளும் புல்லும் மண்டிக்கிடக்கிற தரிசுக்கு எந்த மகராசன் சிங்காரம் என்று பேர் வைத்தான் என்று ஊரே சிரிக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு வரை வள்ளியும் சிரித்தவள்தான். முள்ளுக்கு நடுவே நின்ற மகிழமரங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அளந்து பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினோரு மரம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் சரியாக இருபத்தோரு அடி. தானாக முளைத்த மரம் அடி அளந்து முளைக்காது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தாள். திண்டுக்கல்லில் சர்வே படம் வரைகிற ராயப்பராஜ், சங்கிலியும் மட்டம் பார்க்கிற கருவியும் கொண்டுவந்து உதவினார். கல்லையும் மரத்தையும் அளந்து அளந்து காகிதத்தில் ஏற்றினார்கள். பாளையக்காரர் காலத்துச் சிங்காரத் தோட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம். ஊகத்தை நம்பி அண்ணன் ஒச்சப்பன் தன் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைப்பாரா? திராட்சைப் பந்தல் போடுவது என்று முடிவு செய்துவிட்டார். போன வாரம் தங்கை கெஞ்சியதற்கு அவர் தந்தது வியாழக்கிழமை ஒரு பகல். அதைத்தான் இந்த வண்டி விழுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே! வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீக?"

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கையின் கண்ணை அவர் பார்க்கவில்லை.

"வண்டி இன்னைக்கே சும்மா நின்னுச்சாம், அனுப்பிட்டாக. திருப்பிவிட்டா மறுபடி கிடைக்க ரெண்டு மாசம் ஆகுமாம். நான் என்ன செய்யட்டும், தாயி? ரெண்டு வருசமாக் கடலை கையைக் கடிச்சிருச்சு. சித்திரைக்குள்ள குழி எடுத்தாகணும்."

வள்ளி வாயைத் திறப்பதற்குள் வண்டியின் உறுமல் திடீரென்று அடங்கியது. கீழ்மூலையில் டிரைவர் நல்லுசாமி இறங்கி நின்று தலையைச் சொறிந்தார்.

"கீழ கல்லு தட்டுதுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையாக் கிடக்கு."

வண்டியின் அலகு புரட்டிப் போட்ட மண்ணுக்குள் ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. நடுவில் புதிதாக ஒரு விரிசல். வள்ளி மண்டியிட்டு முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். கல் முழுக்க மீன் செதில் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று கவிந்து, விரல் நுனி அளவுக் குழிகள். நூற்றுக்கணக்கில். ஒன்றுகூடக் கோணவில்லை.

"அம்மி கொத்துனாப்புல இருக்கு" என்றார் ஒச்சப்பன்.

"இது அம்மி இல்லண்ணே." அவள் விரிசலின் மேல் கையை வைத்துக்கொண்டு, அடிபட்ட பிள்ளையைத் தடவுகிற மாதிரித் தடவினாள். "இது என்னன்னு எனக்கே இன்னும் தெரியல. ஒரே ஒரு தடவ கரட்டு மேல ஏறி வந்து பாருக. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

"கரட்டுல என்ன இருக்கு? சின்னப் புள்ளையில ஆடு மேய்ச்ச இடந்தானே."

"நான் வாரேன் வள்ளி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால், கூலியாட்களுக்குக் கஞ்சிப் பானை சுமந்து வந்திருந்த சுந்தரம்மாள். ஒச்சப்பனின் மனைவி. கனத்த உடம்பு, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். பானையை இறக்கி வைத்துவிட்டுக் கரட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். பெண்டாட்டி ஏறும்போது கீழே நிற்க ஒச்சப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

ஊருக்கு மேற்கே நிற்கிற அந்தச் சின்னப் பாறைக்கரட்டின் உச்சிக்குப் போக அரை மணி நேரம் ஆயிற்று. சுந்தரம்மாள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். உச்சியில் நின்று திரும்பினாள். வாங்கிக்கொண்டிருந்த மூச்சு அப்படியே நின்றது.

கீழே சிங்காரக்காடு விரிந்து கிடந்தது. மாசிக் கடைசியில் பெய்த ஒரு மழைக்குப் பச்சை கட்டியிருந்த புல், பங்குனி வெயிலில் காய ஆரம்பித்திருந்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் காயவில்லை. மண்ணுக்கடியில் கல் ஓடிய இடமெல்லாம் வேருக்கு ஈரம் எட்டாமல் புல் முதலில் பழுத்திருந்தது. பச்சைக்கு நடுவே மஞ்சள் கோடுகள். நேர்கோடு, குறுக்குக்கோடு, கட்டம், கட்டத்துக்குள் வட்டம். அத்தனை கோடும் ஓடிப்போய்ச் சேர்கிற நடுவிடத்தில், எட்டு மூலையோடு ஒரு மஞ்சள் வளையம்.

"ஆத்தாடி" என்றாள் சுந்தரம்மாள். "சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை விரிச்சுக் காயப்போட்டாப்புல இருக்கே!"

ஒச்சப்பனுக்கு அது ஐம்பத்தைந்து வருசமாக மிதித்த மண். ஆடு மேய்த்தது, முள் வெட்டியது, செருப்புத் தேய நடந்தது எல்லாம் இதன் மேல்தானா? அவருடைய கை தானாகத் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டது. கோயிலுக்குள் நுழைகிற மாதிரி.

வள்ளி அதைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் அவர் பார்வை அந்த எட்டு மூலை வளையத்தை உரசிக்கொண்டு போன கிளுவை வேலியில் விழுந்தது. வேலிக்கு அப்பாலும் அதே கோடுகள், அதே கட்டங்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி மறுபாதி. அது தம்பி மொக்கைச்சாமியின் நிலம்.

பதினோரு வருசத்துக்கு முன்னால், கிணற்றுத் தண்ணீர் முறையில் ஆரம்பித்த சண்டை பாகப்பிரிவினையில் முடிந்து, சிங்காரக்காட்டின் நடுவே அந்த வேலியை நட்டது. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு சொல் பேசியதில்லை. இரண்டு வீட்டிலும் கை நனைக்கிறவள் வள்ளி ஒருத்திதான்.

ஒச்சப்பனின் முகம் இறுகிவிட்டது.

"பாதி அவன்கிட்டல்ல கிடக்கு" என்றார். "அரைச் சட்டையை வச்சு நான் என்ன செய்ய? வண்டி ஓடட்டும்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணே. நடுவுல எட்டு மூலையாத் தெரியுதே, அது தண்ணித்தொட்டியாத்தான் இருக்கணும். அதைத் தோண்டி, உங்க மோட்டார்த் தண்ணியை மேல்கோடியில விடுறேன். தண்ணி தானாப் போய்த் தொட்டியில விழலேன்னா நானே உங்களுக்குப் பந்தக்கால் ஊன்றேன்."

அவர் அவிழ்த்த தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டார்.

"சரி. ஆனா ஒண்ணு. என் கிணத்துத் தண்ணி வேலியைத் தாண்டி ஒரு சொட்டுப் போகக்கூடாது. போச்சுன்னா வண்டியை நானே ஓட்டுவேன்."

வள்ளி தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. முதல் ஆளாகக் கரட்டை விட்டு இறங்கினாள்.

ராயப்பராஜ் லீவு போட்டுவிட்டு சைக்கிளில் வந்து காத்திருந்தார். படத்தை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். சங்கிலி போட்டு அளந்து, வேலி ஓரத்தில் ஓர் உடைமுள் புதரைக் காட்டினார். எட்டுப் பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். இன்னும் நாலு பேர் மகிழமரங்களுக்கு நடுவே கல் வாய்க்காலைத் தேடித் தூர் எடுத்தார்கள். டிரைவர் நல்லுசாமியும் சும்மா நிற்கவில்லை. யாரும் கேட்காமலே ஒரு கூடையை எடுத்துக்கொண்டார்.

உச்சி வெயில் சாய்வதற்குள் தொட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது. பதினாறடி அகலம், முழங்கால் ஆழம், எட்டு மூலை. ஒவ்வொரு மூலையின் விளிம்பிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் வழிய ஒரு வாய். வாய்க்குக் கீழே செதில் வைத்த சாய்வுக்கல். காலையில் புரண்டு கிடந்த பலகையின் கூடப்பிறந்தவை.

நாலு வாய் இந்தப் பக்கம் பார்த்திருந்தன. மற்ற நாலும் வேலியைப் பார்த்திருந்தன. அவற்றின் சாய்வுக்கல்லுக்கு அடியில் கிளுவை வேருக்கு நடுவே, தண்ணீர் மண்ணுக்குள் போகிற கல் தூம்பு இருண்டு தெரிந்தது.

ராயப்பராஜ் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், தண்ணி நெறஞ்சா அந்தப் பக்கமும் போயிரும். உங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார்."

"வேணும்னா அந்த நாலு வாயையும் களிமண்ணு வச்சு அடைச்சுருவோம். இந்தப் பாதியாவது மிஞ்சும்."

வள்ளியின் கை களிமண் குவியல் வரைக்கும் போனது. ஒரு பிடி எடுத்தும்விட்டாள். நாலே நாலு உருண்டை. வைத்து அமுக்கினால் அண்ணன் போட்ட நிபந்தனையும் மீறப்படாது, மரங்களும் பிழைக்கும். குனிந்து வேலிப்பக்க வாயைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்து வாய்க்கும் அதற்கும் இம்மி வித்தியாசமில்லை. இதைக் கொத்தினவன் எட்டையும் ஒன்றாக நினைத்துத்தான் கொத்தியிருக்கிறான்.

மண்ணைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள். "அடைச்சா அது தொட்டி மட்டுந்தான் சார். தோட்டம் இல்ல. மோட்டாரைப் போடச் சொல்லுங்க."

சுந்தரம்மாள்தான் போய் சுவிட்சைத் தட்டினாள். குழாயில் பீறிட்ட தண்ணீர் மேல்கோடிக் கல்தொட்டியில் விழுந்து, வாய்க்காலுக்குள் தலையை நீட்டியது. பத்தடி வந்தது. நின்றது. மண் குடித்தது. இன்னும் ஓரடி. பிறகு அசையவே இல்லை.

ஒச்சப்பன் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளி வாய்க்கால் ஓரம் குத்தவைத்து, ஈரம் நின்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

திடீரென்று இருபதடிக்கு அப்பால், இரண்டாவது மகிழமரத்தின் காலடியில் இருந்த சின்னக் கல்தொட்டிக்குள் குபுக்கென்று ஒரு சத்தம். தண்ணீர் மண்ணுக்கடியில் நடந்து போய் அங்கே எழுந்திருந்தது! அது நிறைந்து அடுத்த மரத்துக்கு வழிந்தது. அங்கிருந்து அதற்கடுத்தது. மரத்துக்கு ஒரு தொட்டி. ஒவ்வொன்றாக நிரம்பி நிரம்பி, யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டே போகிற மாதிரி, வரிசை முழுக்க வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. உதிர்ந்து கிடந்த மகிழம்பூக்கள் அதன் மேல் மிதந்து முன்னால் ஓடி வந்தன. கூலிப் பெண்களில் ஒருத்தி தன்னையறியாமல் குலவையிட்டாள்.

தண்ணீர் பெரிய தொட்டிக்குள் இறங்கியது. தரை மறைந்தது. சுவர் ஏறியது. கால் மணி, அரை மணி. வேலை செய்த அத்தனை பேரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். விளிம்பைத் தொட ஒரு விரல் இருக்கும்போது ராயப்பராஜ் மட்டம் பார்க்கிற தன் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எந்த மூலை தாழ்ந்திருக்கோ அதுலதான் முதல்ல வழியும். இத்தனை காலத்துல ஒரு மூலையாவது அமுங்கியிருக்கும். அதைக் குறிச்சுக்குவோம்" என்றார்.

குறிக்க அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

தண்ணீர் விளிம்பில் கண்ணாடியாகத் தளும்பி ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் எட்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. ஒன்று முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. செதில்கல்லில் இறங்கிய தண்ணீர் வழியவில்லை, துள்ளியது. ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி குதித்து வெயிலைப் பிடித்துச் சிதறியது. எட்டுப் பக்கமும் வெள்ளி மீன் கூட்டம் கூட்டமாகத் தொட்டியை விட்டு இறங்கி ஓடுகிற மாதிரி இருந்தது.

ராயப்பராஜ் கருவியை மெதுவாகத் தரையில் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "இம்மி பிசகல டீச்சர். எங்ககிட்ட இருக்கிற சாமான் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு நாங்க செஞ்சாலும் இப்படி வராது."

வள்ளி அழுதுகொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை. பேர் தெரியாத யாரோ, எந்தக் காலத்திலோ, தண்ணீர் எப்படி நடக்கும் என்று யோசித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் யோசித்தபடியே அது இன்றைக்கு நடந்தது.

"மோட்டாரை நிறுத்து!"

ஒச்சப்பன் வந்துவிட்டார். நாலு வாய்த் தண்ணீர் தூம்புக்குள் புகுந்து வேலிக்கடியில் மறைவதை அவர் பார்த்துவிட்டார்.

"சுந்தரம், காது கேக்கலயா? நிறுத்துன்னேன்."

சுந்தரம்மாள் இடத்தை விட்டு அசையவில்லை. "நிறுத்துறேன். நீங்க இங்கன வந்து ஒரு தடவ கிட்ட நின்னு பாருக. பார்த்துட்டும் நிறுத்துன்னு சொன்னீகன்னா நிறுத்துறேன்."

அவர் வந்து நின்றார். கோபத்தில் வந்தவரின் நிழல் தண்ணீரில் விழுந்தது. எட்டுப் பக்கமும் துள்ளல். மகிழம்பூ ஒன்று சுழன்று சுழன்று வந்து, வேலிப்பக்க வாயில் ஏறி, செதில் செதிலாகக் குதித்து, தூம்புக்குள் போய் மறைந்தது. அவர் அது போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவருகிற காலடி கேட்டது.

"ஏத்தா வள்ளி! அங்கயா இருக்க?" மூச்சிரைக்க ஒரு குரல். மொக்கைச்சாமி. "எங்க பக்கம் தரைக்குள்ளருந்து தண்ணி கொப்பளிச்சு வருது, தாயி! நாலு இடத்துல! நீங்க அங்கன என்ன பண்ணுறீக?"

வள்ளி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளை முந்திக்கொண்டு ஒச்சப்பன் கேட்டார்.

"எம்புட்டுத் தூரம் போயிருக்கு?"

வேலிக்கப்பால் காலடி நின்றது. பதினோரு வருசத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அது தன்னைத்தான் கேட்கிறதா என்று தம்பிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை போலும்.

"போய்க்கிட்டே இருக்குண்ணே" என்றது கடைசியில். "நிக்கவே இல்ல. கல்லு எடுத்த குழி வரைக்கும் போய் விழுகுது. விழுந்து விழுந்து மண்ணு கரையக் கரைய, கீழ படிக்கட்டுத் தெரியுதுண்ணே. இறங்கிப் போய்க்கிட்டே இருக்கு."

"கல்லு எடுத்தியா? யாருக்கு?"

"ரோட்டு வேலைக்காரனுக்கு. ஒரு லாரி ஏத்திட்டுப் போயிட்டான். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மிச்சத்தை எடுத்துக்கன்னு சொல்லிட்டேன். நாளைக்கு விடியவும் லாரி வருது."

ஒச்சப்பன் கிளுவைக் கொப்புகளை இரண்டு கையாலும் விலக்கினார். முள் முழங்கையைக் கிழித்தது. வேட்டி மாட்டிக்கொண்டது, இழுத்தார், கிழிந்தது. அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டார். வள்ளியும் அதே சந்தில் குனிந்து நுழைந்தாள்.

குழியின் விளிம்பில் மூன்று பேரும் நின்றார்கள். நாலு வாய்த் தண்ணீரும் அங்கே வந்து ஒன்றாகக் கூடி, கல்படிகளின் மேல் ஒவ்வொன்றாகக் குதித்துக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஏழு படி எண்ணினாள் வள்ளி. எட்டாவதற்குக் கீழே இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, தண்ணீர் எங்கோ வெகு ஆழத்தில் விழுகிற சத்தம் மேலே வந்தது. அவளுடைய படத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது.

ஒச்சப்பன் மெதுவாக முதல் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார்.

"லாரி விடியத்தானே வருது? வரட்டும். நான் இங்கனதான் இருக்கேன்" என்றார். "சோறு மட்டும் கொண்டாரச் சொல்லு."

மொக்கைச்சாமி ஓரடி கிட்ட வந்தான். "எந்த வீட்டுலருந்துண்ணே?"

ஒச்சப்பன் திரும்பவில்லை. இருட்டுக்குள் இறங்குகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது கிட்டக்க இருக்கோ அங்கருந்து."